உருகி

மார்ச் மாதம், காலை ஆறு மணி, கண்ணாடியில் உறைபனி.
சாவியைத் திருப்பினேன்.
டிக்.
அவ்வளவுதான் சொன்னது வண்டி.

பின்னால் குளிர்பெட்டிக்குள்
இருநூற்று நாற்பது ஆடுகளுக்குத் தடுப்பூசி.
தெற்கே எர்மோகெனெஸின் பட்டியில்
அந்த இருநூற்று நாற்பது ஆடுகள்.
நடுவே முப்பது கிலோமீட்டர் சரளைக்கல்,
ஒரு ஏரி, ஆள் இல்லாத பாலம்.
இரவெல்லாம் மருந்தைக் காத்த பெட்டி
விடிவதற்குள் வண்டியைக் குடித்துவிட்டிருந்தது.

மீட்டரை வைத்தேன். பத்தரை வோல்ட்.
நாடி இருக்கிறது, எழுந்து நிற்கத் தெம்பில்லை.
கன்று போட்ட மறுநாள் இப்படிக் கிடக்கும் பசுக்களை
நிறையப் பார்த்திருக்கிறேன்.
அவற்றுக்குக் கால்சியம் ஏற்றுவேன்.
இதற்கு ஒரு டிராக்டர் வர வேண்டியிருந்தது.

ஊசி வேலை முடிந்த மாலை
பானெட்டைத் திறந்து
முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன்.
நேர்முனையில் ஐந்து வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்று:
குளிர்பெட்டி, கூரைவிளக்கு, ரேடியோ, சார்ஜர்.
ஐந்தாவது எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது.
எல்லாம் எலியோதோரோவின் கைவேலை.
பச்சை டேப் சுற்றோ சுற்றென்று சுற்றி,
ஓரிடத்திலும் ஃபியூஸ் இல்லை.
எஞ்சினுக்கும் எனக்கும் நடுவே இருக்கும் தகரத்தில் துளையிட்டு
ரப்பர் வளையம்கூடப் போடாமல்
கம்பியை அப்படியே உள்ளே இழுத்திருக்கிறான்.
மூன்று வருடச் சரளைச் சாலையில்
துளையின் விளிம்பு மென்று மென்று
செம்பு தெரிந்தது, ஓர் அரிசி அளவு.
அரிசியைச் சுற்றிக் கரி.
என் முழங்காலிலிருந்து ஒரு சாண்.

போனில் கேட்டான்,
சால்மன் ஆலையின் இரைச்சலுக்குள்ளிருந்து:
ஓடிக்கொண்டுதானே இருந்தது?
ஆமாம், ஓடிக்கொண்டுதான் இருந்தது.
நாமும்தான்.

முதலில் மோதிரம்.
நேர்முனைக்கும் இரும்புக்கும் நடுவே அது சிக்கினால்
பொன் சிவக்கும், விரல் வேகும்.
கழற்றினேன், வரவில்லை.
பாத்திர சோப்பு, வெந்நீர்,
தலை திரும்பிய கன்றை இழுக்கும்போது வரும் பொறுமை.
வந்தது.

பிறகு எதிர்முனையை முதலில் அவிழ்த்தேன்
(மாட்டும்போது அது கடைசி).
ஐந்து வளையங்களையும் உருவி எறிந்தேன்.
இருக்கைக்குக் கீழே இரண்டாவது பேட்டரி.
இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலே:
எஞ்சின் ஓடும்போது கைகோர்க்க விடும்,
நின்றதும் பிரித்துவிடும்.
துளைக்கு ரப்பர். கம்பிக்கு மேலுறை.
சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி,
இரும்பு பளிச்சிட்ட இடத்தில் தரைக்கம்பி.
தடித்த கம்பியின் இரு நுனியிலும்,
பேட்டரிக்கு ஒரு சாணுக்குள், ஓர் உருகி.
அதற்கு முன்னால் உள்ள கம்பியைக்
காப்பாற்ற யாரும் இல்லை.

முப்பது ஆம்ப் போடுங்கள், அடிக்கடி போகாது,
என்றார் கோச்ரேன் கடைக்காரர்.
போகாது. கம்பி போகும். வண்டி போகும்.
கூரைவிளக்கின் மெல்லிய கம்பிக்குப் பதினைந்தே அதிகம் என்று
நீல நிறத்தில் ஆறு வாங்கினேன்.
பழைய மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஏப்ரலில் ஒரு மழை இரவு,
ஒரு கை பெட்டைக்குதிரைக்குள் இருக்கும்போது
விளக்கு அணைந்தது.
குட்டியை இருட்டிலேயே எடுத்தேன்.
கைகழுவி, டார்ச்சைப் பல்லில் கடித்துப் பார்த்தால்
நீலத்துக்குள் மெல்லிய வளைவு
நடுவில் இல்லை.
உருகி, உருகியிருந்தது.
வேறொன்றும் உருகவில்லை.

புதியதைச் சொருகக் கை பரபரத்தது.
இல்லை, முதலில் ஏன் என்று பார்.
பின்கதவின் கீலில் விளக்குக் கம்பி நசுங்கிக் கிடந்தது.
வெட்டி, இணைத்து, வழியை மாற்றிக் கட்டினேன்.
மழை சட்டைக்குள் இறங்கியது.

டப்பாவைத் திறந்தேன்.
ஐந்து நீலங்களுக்கு நடுவே மோதிரம்.
இங்கேதான் போட்டேனா?
ஒரு நீலத்தை எடுத்துக்கொண்டு
மூடினேன்.
விளக்கு வந்தது.
வைக்கோலில் குட்டி
நான்காவது முயற்சியில் எழுந்து நின்றது.